சானா ரூமுக்கு ஒரு காடாத்துணி டவுசர்

கோயமுத்தூரில் நான் வேலை செய்கிற ஜிம்மில் ஒரு சானா ரூம் உண்டு. சுற்றிலும் மரப்பலகை, மூலையில் கரண்ட் அடுப்பு, அடுப்பின் மேல் கல். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் வேர்க்க வேர்க்க உட்காருவார்கள். சித்திரை மாத மத்தியானம் டவுன் பஸ்ஸில் நின்றால் சும்மா கிடைப்பதை இங்கே வந்து கேட்டு வாங்குகிறீர்களே என்று வருகிறவர்களிடமே சொல்வேன். சிரிப்பார்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வாய்தான் சர்டிபிகேட்.

கல்லில் தண்ணீர் ஊற்றுவதும் துண்டு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. ஆனால் நான் அதிகம் பார்த்தது வருகிறவர்களின் உடுப்பைத்தான். ஒருவர் ஜீன்ஸ் டவுசரோடு உள்ளே போனார். சூடேறிய இரும்புப் பித்தான் தொப்புளுக்குக் கீழே சுட, போன வேகத்தில் வெளியே வந்தார். இன்னொருவர் எடை குறைய வேண்டும் என்று மழைக்கோட்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, தலை சுற்றி என் தோளில் சாய்ந்தார். பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒரு அண்ணன் தினமும் வழவழவென்ற பாலியஸ்டர் டீசர்ட்டில் வருவார். வேர்வை போக வழியில்லாமல் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அக்குளெல்லாம் சிவந்து தடித்துப்போகும்.

"ஏனுங்ண்ணா, ஊருக்கெல்லாம் பருத்தி பனியன் போட்டு விடறீங்க, நீங்க மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள்ள பூந்துட்டு வாரீங்களே" என்றேன்.

"விக்கறது வேற, போடறது வேறடா."

தலை சுற்றி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்த அன்று மேனேஜர் முடிவெடுத்தார். "இனி அவங்கவங்க இஷ்டத்துக்கு வேண்டாம். பருத்தில நாமளே டவுசர் தெச்சு வெச்சரலாம். உங்கூருப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

என் ஊர் சோமனூர். தறிச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு அக்கா இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வருஷக்கணக்கில் டெய்லராக இருந்துவிட்டு, அப்போதுதான் வேலையை விட்டு வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டிருந்தார். சொந்தமாக ஒரு ஆர்டர்கூட இன்னும் அமையவில்லை. விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, இது மட்டும் அமைஞ்சுதுன்னா நான் மறுபடி கம்பெனி வண்டி ஏற வேண்டாம் பாத்துக்க."

நாலாவது நாள் ஆறு டவுசரோடு ஜிம்முக்கு வந்தார். நம்மூர்த் தறியில் நெய்த காடாத்துணி. வெளுப்பு இல்லை, சாயம் இல்லை. மேனேஜரிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "நெய்யறதுக்காகப் பாவு நூலுல போட்ட கஞ்சி இருந்தாத் தண்ணி பட்டதும் பிசுபிசுங்குமுங்க. அதனால ரெண்டு தடவ கொதிக்க வெச்சு அலசிப்போட்டேன். இனிச் சுருங்காது. இடுப்புக்கு எலாஸ்டிக் வெக்கலீங்க, நாடாதான். பித்தான் கிடையாது, ஜிப் கிடையாது. சுடறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

பனியன் கம்பெனி அண்ணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ தறி ஊர்க்காரன். சுத்தப் பருத்திதானான்னு பாத்துச் சொல்லு."

அத்தனை பேர் என்னைப் பார்த்தால் எனக்குள் ஒன்று எழுந்து ஆட ஆரம்பித்துவிடும். "கொளுத்திப் பாத்தாத் தெரிஞ்சுபோயிருமுங்க" என்றேன். எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு மணியாக நிற்கும். ஒரு டவுசரின் கால் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று நீளமாக வந்தது. தீக்குச்சி உரசினேன். நூல் சுருண்டு, கறுத்து, கடுகு போல ஒரு மணி.

"அக்கோவ், இது செடில வெடிச்ச பருத்தி இல்லீங்க. பால் கவர்ல காச்சதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். "சோமனூர்ப் பருத்தி உருகுது பாருங்கப்பா" என்று அந்த அண்ணன் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்கள். அக்கா அந்த மணியைப் பார்த்தார். டவுசரின் ஓரத்தைப் பார்த்தார். ஐந்து டவுசரை மடித்துப் பையில் வைத்தார். மேனேஜரிடம் மட்டும் "வாரேனுங்க" என்றார். நான் நூல் பிடுங்கிய டவுசர் மேசையிலேயே கிடந்தது.

அடுத்த நாள் காலை, ஆள் வருவதற்கு முன்னால், அந்த டவுசரை மாட்டிக்கொண்டு சானாவுக்குள் போனேன். அது தொடையில் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் சாயந்திரம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்பதுதான் திட்டம். பலகையெல்லாம் துடைத்தேன். வேர்வை வழிந்தது. துணி ஒட்டவில்லை. வேர்வையைக் குடித்துவிட்டு உடம்பிலிருந்து தள்ளியே நின்றது. சூட்டுப் பலகையில் உட்கார்ந்தும் பார்த்தேன். சுடவில்லை.

குனிந்து பார்த்தேன். ஒரு கால் ஓரம் முழுக்கத் தையல் பிரிந்து தொங்கியது. அப்போதுதான் உறைத்தது. நெசவு இழையை உருவினால் தையல் எப்படிப் பிரியும்? நான் கொளுத்தியது தையல் நூல். மிஷினில் அறுந்துவிடாமல் இருக்கத் தையல் நூலைப் பாலியஸ்டரில்தான் போடுவார்கள். பருத்திச் சட்டையிலும் அதுதான் இருக்கும். வெளியே வந்து துணியிலிருந்தே ஓர் இழையை உருவிக் கொளுத்தினேன். காகித வாசம். விரலில் நசுக்கினேன். சாம்பல்.

தறி ஊரில் பிறந்தவன் என்று என்னைக் கேட்டார்கள். நானும் அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். என் கேலி யார் மேல் விழுந்தாலும் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சிலருக்கு அது வேலை போகிற விஷயமாக இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு மிஷினையும் துணி போட்டு மூடி வைத்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி வண்டிக்காரரை வரச் சொல்லிவிட்டாராம்.

"அக்கா, நான் தையல் நூலக் கொளுத்திப்போட்டேனுங்க."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?"

"எட்டுப் பேரு பல்லக் காட்டிட்டு நிக்கறப்ப, நூலு வேற துணி வேறன்னு பாடம் எடுக்கச் சொல்றியா? நீ சொன்னது சிரிப்பு. நான் சொன்னா வெளக்கம். எதக் கேப்பாங்க?"

"மேனேஜருகிட்டச் சொல்லிப்போடறேனுங்க."

"அவரு காதுல மட்டும் சொல்லுவியாக்கும்? சிரிச்சவங்க அத்தன பேரும் இருக்கறப்பச் சொல்லோணும். நானும் வாரேன்."

மறுநாள் சாயந்திரம் அக்கா பையோடு பக்கத்தில் நிற்க, அதே ஆட்கள் நடுவில், ஓரம் தொங்குகிற அதே டவுசரோடு நின்றேன். தையல் நூலைக் கொளுத்தினேன். மணி. துணி இழையைக் கொளுத்தினேன். சாம்பல். "தப்பு என்னுதுங்க. அக்கா துணி சுத்தப் பருத்திங்க" என்றேன்.

"அப்ப உருகுனது அவங்க துணி இல்ல, உன்ற மண்டை!" என்றார் பனியன் கம்பெனி அண்ணன். முதல் தடவையைவிடப் பெரிய சிரிப்பு. கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். உதடுதான் விரிந்தது.

மேனேஜர் சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"சும்மா பாத்துச் சொல்லாதீங்க. போட்டு உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா.

அந்த அண்ணனே ஒன்றை வாங்கிக்கொண்டு, டீசர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, கையைத் தூக்கித் தன் அக்குளைத் தானே பார்த்துக்கொண்டார். தடிப்பு இல்லை. டவுசரும் தொடையில் ஒட்டியிருக்கவில்லை.

"ஏனுங்கக்கா, மேலுக்குப் போட இதே துணில எதாச்சும் தெப்பீங்களா?"

மேனேஜர் அங்கேயே ஆர்டர் சொன்னார். திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டி அக்கா வீதி முனையில் ஹாரன் அடித்தபோது, அவர் வீட்டில் இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

பிரிந்த டவுசரை அவரிடம் நீட்டினேன். "அது நீ பிரிச்சது. நீயே தெச்சுக்க" என்று ஊசியும் அதே பாலியஸ்டர் நூலில் கொஞ்சமும் கொடுத்தார். தைத்தேன். வேலையில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள்.

"ஏந்தம்பி, உன்ற டவுசர் மட்டும் ஓரம் கோணலா இருக்குது?"

"தெச்சவனுக்கு வாய் பெருசு, கை சின்னதுங்க."