கறுப்பு நூல்

டெய்லருக்கு மிஷினைவிட வாய் வேகமாக ஓடும். டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டெல்லாம் தன் கைவேலைதான் என்று பதினைந்து வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். நிஜத்தில் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிற வழியில் கடையேறிய அந்த அம்மாவுக்கு ஒரு பட்டன் தைத்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் சங்காத்தம்.

மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் என்று மருந்து கொண்டுபோன சின்ன விமானம் பாறையில் மோதி, டாக்டரம்மா போய்விட்டார். ஊரே அழுதது. ஆஸ்பத்திரி வாசலில், கோட்டுப் போட்டபடியே சிலை வைப்பதென்று முடிவாயிற்று. சிற்பி நேரே டெய்லரிடம் வந்து அளவு நோட்டைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல டெய்லருக்கு வாய் வரவில்லை. ஏறக்குறைய அதே உயரம்தானே என்று தன் பெண்டாட்டியின் அளவை எழுதிக் கொடுத்துவிட்டார்.

களிமண் உருவத்தைப் பார்க்கப் போன அன்று பெண்டாட்டி அவர் காதோடு சொன்னாள்: “முகம் அவங்களோடது. கழுத்துக்குக் கீழ நான்ல நிக்கறேன்?”

டாக்டரம்மாவின் கணவர், ரிட்டயரான கணக்கு வாத்தியார், உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மருந்துப் பை மாட்டி மாட்டி அவளுக்கு இடது தோள் இறங்கியிருக்குமே என்றார். டெய்லர் கொடுத்த அளவு என்று சிற்பி நோட்டைக் காட்டினார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப சரியாத்தான் இருக்கும். ரெண்டு மாசத்துலயே எனக்கு மறந்துபோச்சு பாருங்க.”

நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட டெய்லர் சிரித்துச் சமாளித்திருப்பார்.

“உங்களுக்கு மறக்கல சார். நான் அவங்களுக்கு அளவே எடுத்ததில்ல. ஒரு பட்டன்தான் தச்சேன்.”

வாத்தியார் மறுநாள் காலையில் ஒரு பழைய கோட்டோடு கடைக்கு வந்தார். மூன்றாவது பட்டன் கறுப்பு நூலில் இருந்தது. அதைத் தைத்த அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது.

“மாத்தித் தரேன்னு சொன்னீங்களாம். போகணும் போகணும்னு சொல்லிட்டே இருந்தா.”

டெய்லர் வெள்ளை நூலுக்குக் கை நீட்டினார்.

“அது அப்படியே இருக்கட்டும். அளவ மட்டும் எடுங்க.”

இடது தோள் நைந்து, முக்கால் அங்குலம் சரிந்திருந்தது. எதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவதுதான் டெய்லர் வழக்கம். அன்று குரல் எழும்பவில்லை. எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.