ரிலீவர் கேட்காத மாமா

அன்று காலை நான் முதலில் செய்த காரியம் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சியது. மாமாவுக்கு அப்போது தொண்டையில் இறங்கிய ஒரே ஆகாரம் அதுதான். பால் விட்டு, கட்டி தட்டாமல் வடிகட்டி, பிளாஸ்க்கில் ஊற்றி மூடும்போது ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் இளங்கோ போன் செய்தார்.

"கலா, கஞ்சி எடுத்தாராத."

அவ்வளவுதான் சொன்னார். மூடிய பிளாஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

என் மாமனார் ராசவேலு அவர்கள் நெய்வேலியில் சுரங்க கன்வேயர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கூட வேலை பார்த்தவர்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அவரை விட அவர் எடுத்த முடிவுதான் முன்னால் வந்து நிற்கிறது.

கம்மாபுரம் பக்கம் இருந்த குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, அதற்குப் பதிலாக வேலைக்கு வந்தவர் அவர். நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அங்கே சட்டம். அடுத்த ஷிப்ட்டுக்காரர், அதாவது ரிலீவர், நேரில் வந்து நின்று "நீங்க கிளம்புங்கண்ணே" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நான் மாமாவை முதலில் பார்த்த அன்றே தெரிந்துகொண்டேன்.

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். எல்லோரும் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையின் அப்பாவைத் தவிர. சம்பந்தி இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது என்று என் அப்பா முகம் சுண்டிப்போய் நின்றார். நல்ல நேரம் முடியப்போகும் சமயத்தில், நீல யூனிபார்மும் கரித்தூளுமாக மாமா ஓடிவந்தார்.

"மன்னிக்கணும் சம்பந்தி. ரிலீவர் வரல. பெல்ட்டு ஓடிகினு இருக்குது, வுட்டுட்டு வர முடியாது."

"பெல்ட்டுக்குத்தான் பொண்ணு பாக்கறாரு போல" என்று என் சித்தப்பா முணுமுணுத்தார். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே சிறிய வீடு ஒன்றைக் கட்டி, மாமாவும் என் மாமியாரான அத்தையும் குடிபோனார்கள். அதற்கு மறு வருடம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிற்று, பேச்சு குழறியது. அன்றிலிருந்து அத்தையைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, கழிவறைக்குக் கொண்டுபோவது எல்லாமே மாமாதான். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து ஒரே மூச்சில் தூக்குவார். டீச்சர் வேலை பார்க்கும் நான் ஸ்கூல் விட்டுப் போனால் சமைக்க விடுவார், அத்தையைத் தொட விடமாட்டார்.

"நீ கொழம்பப் பாரும்மா. இது என் டூட்டி."

"நான் என்னா கரியாய்யா, அள்ளிகினு போயி கொட்றதுக்கு?" என்று அத்தை குழறலாகக் கேட்பார்கள்.

"கரின்னா லாபமாவது வந்திருக்கும்" என்பார் மாமா.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நோய் தெரிந்தது. ரத்தப் பரிசோதனை, பிறகு சதைப் பரிசோதனை. சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை என்றார்கள். எங்களைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் அரைகுறை. இளங்கோவுக்கு அன்று ஷிப்ட். ஆகவே டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை மாமனாருக்குத் தமிழில் சொல்லும் வேலை மருமகளான எனக்கு வந்தது.

மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிடலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம், ஊர்ப் பேச்சில் கரண்டு வைப்பது, அதற்கு ஏழெட்டு வாரம் தினமும் வர வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால், ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியை மாதக் கணக்கில் போட்டு நோயைக் கட்டி வைக்கலாம். முதல் இரண்டும் நோயை அழிக்கும் முயற்சி, மூன்றாவது தள்ளிப்போடுவது, உங்கள் உடம்புக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் என் யோசனை என்றார்.

பிறகு பக்க விளைவுகள். சிறுநீர் கசியலாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்ததற்கு எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் மாமா... வந்து..." என்று இழுத்தேன். மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த லைன எப்பவோ ஷட்டவுன் பண்ணியாச்சு. அடுத்தது சொல்லும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என்னவென்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

மாமா கேட்டது ஒரே கேள்விதான். "ஆபரேசன் பண்ணா எத்தினி நாளு கனம் தூக்கக் கூடாது?" ஒன்றரை மாதம் என்றார் டாக்டர். "அம்பது கிலோ?" என்று மாமா மறுபடியும் கேட்டதும், மூட்டை தூக்கும் வேலையா செய்கிறீர்கள் என்று டாக்டர் சிரித்தார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

அதன்பின் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சென்னையில் இருக்கும் கொழுந்தன் மதி ஆபரேஷன்தான் என்றார். கதிர்வீச்சு டாக்டரைப் பார்த்தபோது, இந்த வயதில் கத்தி எதற்கு என்றார். ஒவ்வொருவரும் சொல்லும்போது அதுவே சரி என்று எனக்குப் பட்டது. வெளியே வந்ததும் எதுவும் சரியில்லை என்று பட்டது. கல்லூரிப் படிப்பு படித்திருந்தும், ஒரே நோய்க்குப் பல நல்ல பதில்கள் இருந்தால் என்ன செய்வது என்று நான் எங்கும் படித்திருக்கவில்லை.

ஒரு நாள் மாமா, "ஊசியே போட்டுக்கறேன்" என்று அறிவித்தார்.

"கத்தின்னா பயம்ப்பா உங்களுக்கு" என்றார் இளங்கோ கோபமாக.

"ஆமாண்டா, பயந்தான். அப்படியே வச்சிக்கோ."

எல்லோரும் அப்படியே வைத்துக்கொண்டோம். சில நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஆபரேசன்னா அவளத் தூக்க முடியாது. கரண்டு வைக்கறதுன்னா தெனம் பாண்டிக்குப் போய் வரணும். நடுவுல அவளுக்கு ஒண்ணுக்கு வந்தா?"

"நாங்க இருக்கோமே மாமா."

"இருக்கீங்க, இல்லன்னா சொல்றேன்? அவனுக்கு ஷிப்ட்டு, உனக்கு ஸ்கூலு. யார ரிலீவர்னு போடறது?"

"நான் லீவு போடறேன். இல்லன்னா ஒரு ஆளு வச்சிக்கலாம்."

"புது ஆளு கை பட்டா அவ சோறே தின்ன மாட்டா. நீ கீரையப் பாரு."

முதல் வருடம் ரத்தத்தில் நோயின் அளவு நன்றாக இறங்கியது. அப்பா எடுத்த முடிவே சரி என்று மதிகூட போனில் சொன்னார். பிறகு ஊசி வேறு வேலையைக் காட்டியது. மார்கழிக் குளிரில் வியர்த்துப்போய் விசிறியைப் போடச் சொல்வார். வயிறு பெருத்தது, கைச்சதை தளர்ந்தது. தசை வலு குறையும், களைப்பு இருக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் அதைத் தமிழில் சொல்லியிருந்தேன். "நைட் ஷிப்ட்டு பாக்காத களைப்பா?" என்று மாமா அதைத் தள்ளிவிட்டிருந்தார். தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்புதான் அவருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது இருவரும் தரையில் இருந்தார்கள். தூக்கும்போது கை விட்டுப்போய், அத்தையை மடியில் தாங்கியபடியே மாமா சரிந்து உட்கார்ந்திருக்கிறார். அடி எதுவும் இல்லை. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

மறுவாரமே உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தோம். அத்தை அவள் கையால் முதல் நாளே இரண்டு தோசை சாப்பிட்டார்கள். மாமா வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கடைசியில் டாக்டரிடம் கேட்டேன். செய்தவர்களுக்கும் சில சமயம் திரும்ப வருகிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா? துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "அப்பவே அறுத்து எடுத்திருக்கணும்" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். இன்னொருவர் வந்து "நாலு வருசம் நல்லாத்தான இருந்தாரு" என்கிறார். அதற்கும் தலையாட்டுகிறேன்.

அத்தையிடம் அது சர்க்கரை ஊசி என்றுதான் மாமா சொல்லி வைத்திருந்தார். மாமாவை எடுத்த அன்று, என் மூலம் காரணம் தெரிந்திருந்த மதி அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான்காம் நாள் நான் தலைவாரிவிடும்போது அத்தை கேட்டார்கள்.

"எனக்கோசரமா ஊசி போட்டுக்கினாரு?"

"ஆமாங்கத்தை."

"என்னைய ஒரு வார்த்த கேட்டாரா அந்த மனுசன்?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஆபரேசன் பண்ணிகினு வாய்யான்னுதான். நான் எங்க ஓடிடப் போறேன்?"

டாக்டர்களைக் கேட்டோம், சொந்தக்காரர்களைக் கேட்டோம். யாருக்காக அந்த முடிவோ, அவர்களை மட்டும் மாமாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமா, நீங்கள் எடுத்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் உங்களை வழியனுப்புகிறேன். வலியெல்லாம் இங்கேயே கிடக்கட்டும், நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.

கருமாதி அன்று பந்தி முடிந்ததும் அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து அத்தையைப் பற்றிப் பேசப் போகிறார்கள். சென்னைப் பக்கம் முதியோர் இல்லமா, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கேயா என்று. இதிலும் எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் உட்காருவதற்கு முன்னால், உள்ளறையில் இருக்கும் அத்தையின் கட்டிலை அத்தையோடு சேர்த்து இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டுவிடப் போகிறேன். இரங்கல் கூட்டத்தில் இதை நீங்கள் படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். இளங்கோவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அந்த வாசலில் கட்டில் நுழையுமா என்று மட்டும், நேற்று யாருமில்லாதபோது முழம் போட்டுப் பார்த்தேன். நுழையும்.