கீதாஞ்சலி கேட்கும் கேள்வி

"இது நீங்க சொன்னதா, இல்ல இதுவா சேத்துக்கிச்சா?"

ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டி இப்படித்தான் நிறுத்துவாள் கீதாஞ்சலி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசல், திங்கள்கிழமை மனு நாள். எதிரே இருக்கும் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. ஆனாலும் நிமிர்ந்து, "மூணு பசங்கன்னு நான் சொல்லலயே, ரெண்டுதான்" என்பாள். கீதாஞ்சலி செல்போனில் அந்த வரியைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போவாள்.

இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் சக்கரபாணி. பி.ஏ. இருபத்திரண்டு வருஷமாக இதே வாசலில் மனு எழுதுகிறவன். கீதாஞ்சலி அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து மொபெட்டில் வருகிற பிளஸ் டூ. வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவள் முன்னால் வரிசை ரோடு வரை நிற்கிறது. கால் வலித்தவர்கள் என் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள், அவளுக்காகக் காத்திருக்க. வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டபடியே வேலை பார்ப்பாள். மனுவை ஏஐ-யிடம் சொல்லித்தான் எழுத வைப்பாள். அதை ஒளிப்பதும் இல்லை, நம்புவதும் இல்லை.

"எங்கப்பா வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு மொத மொத இதுலதான் எழுதினேன். இல்லாத தம்பி ஒருத்தன எனக்குப் பொறக்க வெச்சுடுச்சு. படிக்காம குடுத்துட்டேன். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு நிரூபிக்க எட்டு மாசம் அலைஞ்சேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "நல்லா தமிழ் பேசும். தெரியலன்னு சொல்றதுதான் கம்மி."

அந்த வியாதி எனக்கும் உண்டு என்பது வேறு விஷயம்.

போன வாரம், அவளிடமே மனு எழுதிப் பழகிய ஒரு மாட்டுக்காரம்மா, வாட்ஸ்அப்பில் வந்த மானியச் செய்தியை அவளிடம் நீட்டி, "இத யாரு சொன்னாங்கன்னு போடலயே, எப்படி நம்பறது?" என்று கேட்டார். நான் ஆயிரக்கணக்கான மனுக்கள் எழுதியும் ஒருவர்கூட என்னிடம் ஒரு வரியைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இந்தத் திங்கள் முருகையன் என்ற விவசாயி தப்பித்தவறி என்னிடம் வந்தார். கிணற்றுக்குப் போகும் வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். மோட்டார் போட முடியாமல் ஒரு ஏக்கர் நெல் காய்கிறது. அவளுக்கு மட்டும்தான் வருமா என்று நானும் ரகசியமாக ஏஐ-யைக் கேட்டேன். கிணற்று வழியை யாரும் அடைக்கக் கூடாதென்று எண், தேதியோடு ஒரு அரசாணையையே எடுத்துக் கொடுத்தது. பூரித்துப்போய் மனுவில் சேர்த்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுமுன் முருகையன், "எதுக்கும் அந்தப் பொண்ணுகிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துடறேங்க" என்று எழுந்துவிட்டார். பொறுக்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

அவள் அரசு இணையதளத்தில் தேடினாள். அந்த அரசாணை எண்ணில் இருந்தது விடுதிச் சமையல்காரர்களின் பணிமாறுதல். கிணறும் இல்லை, வழியும் இல்லை.

"எதிராளி இது ஒண்ணக் காட்டியே மொத்த மனுவும் பொய்ன்னு சொல்லிடுவான் சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வரிசை மொத்தமும் எங்களையே பார்த்தது. அவள் உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளை வெறுக்கவாவது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கீதாஞ்சலி எழுந்து வந்து, வரிசைக்கு முதுகைக் காட்டி என்னை மறைத்தாற்போல் நின்றாள். அடித்துவிட வேண்டிய அந்த அரசாணை வரியில் விரலை வைத்துக்கொண்டு, தன் பேனாவை என் கையில் கொடுத்தாள்.