நடுங்காமல் வந்து சேர்ந்த கார்

கார்ப் பட்டறையில் புகார் எழுதும் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர் எவரும் தம் காரின் குறையை முழுமையாகச் சொல்வதில்லை. தமக்கு வசதியான பகுதியை மட்டுமே சொல்கிறார்.

எழுபதுகளின் நடுவில், தில்லி முனிர்காவில் ஒரு சர்தார்ஜியின் பட்டறையில் நான் அந்த மேஜையில் அமர்ந்திருந்தேன். பௌதிகத்தில் பட்டம் பெற்று, ஊரில் ஒன்பது ஆண்டுகள் பள்ளியில் கற்பித்துவிட்டு, கணவரின் மாற்றலால் தலைநகருக்கு வந்தவள். இங்கே பள்ளிகளில் இடம் காலியில்லை, பட்டறையில் இருந்தது. பழைய காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பற்கள் கிடுகிடுக்க வீடு திரும்பியவர்கள் இதை என் உற்றார் உறவினராக இருந்து படிக்கலாம். மற்றவர்கள் பேருந்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டே படிக்கட்டும்.

நனையாத மூலை

பட்டறையின் தகரக் கூரை ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் என் மேஜை இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பழைய டயர்களை அடுக்கி வைக்கும் மூலை அது. சர்தார்ஜிக்கு என் கேள்விகள் மீது பெரிய மதிப்பு இல்லை. முன்சக்கரம் ஆடுகிறது என்று ஒருவர் வந்தால், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், நேர்ச்சாலையிலா வளைவிலா, பிரேக் போடும்போதா போடாதபோதா என்று நான் வரிசையாகக் கேட்டுச் சீட்டில் எழுதுவேன். தலைமை மெக்கானிக் முனுசாமி, ராணுவப் பட்டறையில் இருபது ஆண்டுகள் இருந்த வேலூர்க்காரர், அந்தச் சீட்டை மடித்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார்.

மே மாதத்தில் ஒருநாள் சர்தார்ஜி என் எதிரே வந்து நின்று நிபந்தனை விதித்தார்: "முதல் மழைக்குள் முனுசாமியால் முடியாத ஒரு கோளாறை உங்கள் கேள்விகள் கண்டுபிடிக்கட்டும், மேஜை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் டயர் உள்ளே, மேஜை வெளியே. டயர் கேள்வி கேட்காது, மேடம்ஜி!"

மேஜரின் வேண்டுகோள்

அதே வாரம் மோதி பாக்கிலிருந்து ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் வந்தார். முன்சக்கரம் பேய் பிடித்ததுபோல் ஆடுவதாகவும், அதற்குக் காரணம் நகரின் சாலைகளே என்றும் அறிவித்தார். கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றியது யார் என்று கேட்டேன். பஞ்சரான சக்கரத்தைத் தாமே மாற்றியதாகவும், ராணுவத்தில் அதை இருட்டிலும் செய்ததாகவும் மார்பை நிமிர்த்திச் சொன்னார். முனுசாமி குனிந்தார். ஐந்து நட்டுகளில் நான்கு விரலால் சுழலும் நிலையில் இருந்தன, ஐந்தாவது இல்லவேயில்லை.

இதை முனுசாமியே கண்டுபிடித்திருப்பார் என்பதால் என் கணக்கில் சேராது என்று சர்தார்ஜி தீர்ப்பளித்தார். மேஜர் மட்டும் மேஜையருகே வந்து, தளபதியின் கூடாரத்தில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார்: "மேடம், சீட்டில் 'சாலைக் கோளாறு' என்றே எழுதிவிடுங்கள். வீட்டில் என் மனைவி படிப்பாள்."

இரண்டு ஞாயிறுகள்

ஜூன் முதல் ஞாயிறன்று சேஷாத்ரி வந்தார். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வசிக்கும் அதிகாரி. வாரத்தில் ஆறு நாட்கள் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போவார். காரை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எடுப்பார். ஸ்டியரிங் கையை உதறுகிறது, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கண்ணாடி கழன்று மூக்கு நுனிக்கு வருகிறது என்றார். முனுசாமி ஓட்டிப் பார்த்தார். கார் பன்னீர் தெளித்த பாதையில் போவதுபோல் போய் வந்தது. காற்று சரி, பேரிங் சரி, சக்கரம் கோணவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே முறையீடு, அதே அமைதியான கார். நான் சீட்டை இருமுறை படித்துவிட்டு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை தேய்ந்திருக்க வேண்டும் என்று உறுதியாக எழுதினேன். மாற்றினார்கள். கழற்றிய முனையை முனுசாமி துடைத்து என் மேஜைமேல் வைத்தார். அது புத்தம்புதிதாக மின்னியது. என் தவறு; அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. முனுசாமி தம் கட்சியைச் சொன்னார்: "டீச்சரம்மா, படுத்துப் பாத்துட்டேன், குந்திப் பாத்துட்டேன், வண்டில ஒண்ணும் இல்ல. சாருக்குத்தான் கை நடுக்கம், ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுங்க!"

கேட்கப்படாத கேள்வி

மூன்றாம் ஞாயிறன்று சேஷாத்ரி மறுபடி வந்தபோது, சர்தார்ஜி டயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். தெற்கு வானத்தில் மேகம் தெரிவதாக என் காதில் விழும்படி இருமுறை சொன்னார்.

நான் பழைய சீட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு, வழியில் நடுக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சேஷாத்ரியைக் கேட்டேன். சஃப்தர்ஜங் தாண்டினால் குறையும், முனிர்கா வருவதற்குள் முற்றிலும் நின்றுவிடும் என்றார். மூன்று வாரமாக இதை ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் முகத்தில் கோப்பு திரும்பி வந்த அதிகாரியின் அமைதி தெரிந்தது: "நடுங்கறச்சே எப்படி இருக்குன்னு கேட்டேள், சொன்னேன். எப்போ நிக்கறதுன்னு உங்க சீட்டுல கேள்வியே இல்லையே!"

லோதி ரோட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

ஓடி ஓடிச் சூடானதும் நீங்கும் கோளாறு இரும்பில் இருக்க வாய்ப்பு குறைவு, டயரில் இருக்கலாம். அக்காலத்து நைலான் டயர், வெயிலில் பாரம் தாங்கி அசையாமல் நின்றால், தரையைத் தொடும் பகுதி தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறினால் மீண்டும் வட்டமாகும். ஆனால் நிற்கும் எல்லாக் கார்களுக்கும் இந்த அளவு நேர்வதில்லை. ஆகவே வியாழக்கிழமை நண்பகலில், பேருந்து பிடித்து லோதி ரோட்டுக்கே போனேன்.

கார் குடியிருப்பின் பின்புறச் சரிவில், மூக்கை மேலே தூக்கியபடி கொளுத்தும் வெயிலில் நின்றது. கூரைமேல் நான்கு முழ வேட்டி. வேட்டிமேல் வரிசை வரிசையாக வடாம். சேஷாத்ரியின் மனைவி முக்காலியில் நின்று, கூரையின் நடுவே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, முன்டயர் இரண்டின் வால்விலும் மாறி மாறி வைத்து அழுத்தினார். காற்று சீறியது. மறுபடி ஏறித் தட்டைப் பார்த்தார். தண்ணீர் மட்டமாக நின்றது. என் ஒன்பது ஆண்டு மாணவிகளில் ஒருத்திகூட இவ்வளவு துல்லியமாகச் சோதனை செய்ததில்லை.

சரிவில் நின்றால் கூழ் பின்பக்கமாக வழிந்து வடாம் ஒட்டிக்கொள்கிறதாம். வாரம் முழுவதும் காற்றுக் குறைந்த டயர்கள்மேல் கார் வெயிலில் நின்றது. ஞாயிறு காலையில் சேஷாத்ரி, பழைய டயரென்றால் காற்று இறங்கத்தான் செய்யும் என்று, கால்பம்பால் அடித்துக்கொண்டு கிளம்பினார். எங்களிடம் வரும்போது காற்றும் சரியாக இருந்தது, டயரும் வட்டமாகியிருந்தது.

நான் பட்டறையிலிருந்து வருகிறேன் என்றதும் அம்மாள் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டார்: "அவர்கிட்ட சொல்லிடாதேங்கோ. மழைக்குள்ள இன்னும் ரெண்டு படி பிழிஞ்சாகணும்!"

சீட்டில் எழுதியது

அவருக்கும் மழைக்குள் முடிக்க வேண்டியிருந்தது, எனக்கும் அவ்வாறே. ஆனால் காரணத்தை எழுதாமல் ஒரு சீட்டையும் நான் மூடியதில்லை. எனவே உண்மையையே எழுதினேன், பௌதிகத்தின் மொழியில்: "சாய்தளத்தில் நீண்ட நேர நிலைச்சுமை, வெப்பம், அழுத்தக் குறைவு ஆகியவற்றால் முன்டயர்கள் தட்டையாதல். தீர்வு: நிறுத்தும்போது முன்சக்கரங்களைத் தொடாமல், பின்சக்கரங்களின் கீழ் இரண்டு அங்குலப் பலகை இட்டு வண்டியை மட்டமாக்குக. நாள்தோறும் காலையில் ஒரு முழம் நகர்த்துக." பலகையின் கனத்தை அந்த அம்மாளின் தட்டை வைத்தே அளந்திருந்தேன். நான்காம் ஞாயிறன்று வந்த சேஷாத்ரி அதை மரியாதையுடன் படித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழுத்தம் ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறன்று சர்தார்ஜி தாமே லோதி ரோட்டுக்குப் போய், அம்மாள் கூரைமேலிருந்து வடாம் வேட்டியை எடுக்கும்வரை காத்திருந்து, கார் கிளம்பிய முதல் அடியிலிருந்தே அதில் உட்கார்ந்து வந்தார். பட்டறை வாசலில் இறங்கியவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பின்னாலேயே சேஷாத்ரி ஓர் எவர்சில்வர் டப்பாவை என் மேஜைமேல் வைத்து, வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள், எதற்கென்று தெரியவில்லை என்றார். உள்ளே பொரித்த வடாம். அன்று பிற்பகல் முதல் மழை தகரத்தில் விழுந்தது. முனுசாமி டயர்களை உருட்டிக்கொண்டு என் மூலையை நோக்கி வந்தார். சர்தார்ஜி கை காட்டி அவரை நிறுத்திவிட்டு, டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். நீண்ட நேரம் மென்றார்.

"வழியில் ஓர் இடத்தில்கூட நடுங்கவில்லை. மேஜை இருக்கட்டும், டயர் நனையட்டும். அச்சா மேடம்ஜி, அடுத்த வருஷம் வெயில் வந்ததும் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: என் கார் மட்டமான தரையில்தான் நிற்கிறது!"

காரின் நடுக்கத்துக்குக் காரணம் தேடுவோர் ஓட்டுநரை ஒருமுறை விசாரித்தால் போதும், பிறகு அவர் வீட்டில் கொண்டை போட்டிருப்பவரைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே நான் அந்த நனையாத மூலையில் கற்ற முழுப் பாடம்.