கரிக்குழிக்குப் பெர்மிட் வாங்கித் தந்த கெர்ட்ரூட்

கெர்ட்ரூட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். நியோர் பக்கத்து ஆட்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாயும் அதற்குச் சளைக்காத கையும் இல்லாமல் போயிருந்தால் அங்கிருந்த தொழிலாளர் லயத்து ஆண்கள் பாதிப் பேர் சயாம் காட்டிலேயே செத்து மடிந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலாயாவில் குளுவாங் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து புல்வெட்டு வேலை. மரங்களுக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டினாலும் துரைக்குப் பிடிக்காது. வெறும் மண் பளபளவென்று தெரிய வேண்டும். அதுதான் சுத்தம் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டம் படுத்துவிட்டது. ரயில் எஞ்சினுக்கென்று நியோர் அருகே ஒரு நிலக்கரிக் குழியைத் திறந்தார்கள். மட்டமான கரி, எரித்தால் புகைதான் அதிகம். இருந்தாலும் அந்தக் குழியில் வெட்டும் ஆண்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிப்பதில்லை. கெர்ட்ரூட்டின் தம்பி கிரகோரியை அதற்கு முன்பே கொண்டுபோய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியவில்லை. கணவன் மைக்கல் கரி வெட்டப் போனதால் தப்பித்தான்.

ஆனால் குழிக்கு வருஷா வருஷம் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். கரி எடுத்து முடித்த பள்ளத்தை மண் போட்டு மூடி, அதில் கிழங்கு விளைத்துக் காட்டினால்தான் புதுப் பெர்மிட். ஊரே பசியில் கிடந்த காலம் அது. பெர்மிட் போனால் குழியை மூடிவிடுவார்கள். ஆண்களுக்கு அடுத்த ஊர் சயாம்தான்.

பள்ளத்தை மூடுவது பெண்கள் வேலை. குழி வேலையை மேற்பார்த்த மண்டோர் சின்னத்தம்பி, பெண்கள் கேங்குக்குக் கெர்ட்ரூட்டைத் தலைவியாக்கினார். கூடை கூடையாக மண் சுமந்து, மேட்டைச் சரிவாக இழுத்து, மரவள்ளிக் குச்சிகளை நூல் பிடித்தாற்போல் நட்டார்கள். அதோடு விட்டாளா? புல் முளைக்க முளைக்கச் செதுக்க வைத்தாள். மூலையில் ஒரு துண்டு மட்டும் லாலான் புல்லும் சர்க்கரைவள்ளிக் கொடியுமாக மண்டிக் கிடந்தது. அது பேச்சியம்மாளின் பாத்தி. குனிந்து வேலை செய்வதென்றால் பேச்சியம்மாளுக்கு ஆகாது.

“இது என்னாடி, பாத்தியா பன்னி படுக்கிற எடமா?” என்று கெர்ட்ரூட் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், செதுக்கிச் செதுக்கி மொட்டையடித்த சரிவு முழுக்க மரவள்ளியோடு சரிந்து குழிக்குள் கிடந்தது. பேச்சியம்மாளின் மூலை மட்டும் அசையவில்லை; கொடியும் புல்லும் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. கெர்ட்ரூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தோட்டத்தில் கற்ற சுத்தம் காலை வாரிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெர்மிட் பார்க்க வந்த ஜப்பான் அதிகாரி சரிந்த மண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தினான். கணக்கெழுதும் கிராணி மணியம்தான் மொழிபெயர்த்தார்: “மூணு மாசம் டைம் குடுக்கிறாரு. அதுக்கப்புறம் குழி கிடையாது.”

மறுநாள் கெர்ட்ரூட் நேரே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். மனசு கூசத்தான் செய்தது.

“பன்னின்னு சொன்னது நாந்தான். இப்ப ஒன் கொடி எனக்கு வேணும், பேச்சி.”

பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “கேக்கறப்பகூட அதட்டித்தான் கேப்பீங்களாக்கா? வெட்டிக்கிங்க, போங்க.”

ஒரு மூலைக் கொடி முழுச் சரிவுக்கும் எப்படிக் காணும்? லயத்தில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் கொடி இருந்தது. அவர்களுடைய மூன்று வேளைச் சாப்பாடே அதுதான். கெர்ட்ரூட் முதலில் தன் கொல்லையை மொட்டையாக்கினாள். அதைப் பார்த்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவரவர் கொல்லைக் கொடியை அவரவரே அறுத்துக்கொண்டு வந்து, சரிந்த மண்ணை மறுபடி இழுத்துப் போட்டு நட்டார்கள். நடுவே லாலான் முளைத்தபோது கெர்ட்ரூட்டின் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாள். அந்த மூன்று மாதம் லயத்தில் எல்லோரும் காட்டுக் கீரையைத் தின்று வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அதிகாரி சொன்னபடி வந்தான். கூடவே ஒரு லாரியும் வந்தது, காலியாக. அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. சயாமுக்கு ஆள் ஏற்றத்தான். ஆண்கள் குழிமேட்டில் வரிசையாக நின்றார்கள்.

அதிகாரி சரிவைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“ஒரே காடா கெடக்குன்னு சொல்றாரு. வேலை செய்யலியாம்,” என்றார் மணியம்.

கெர்ட்ரூட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜப்பான்காரன் கண்ணில் படாமல் பெண்கள் ஒளிந்துகொண்டிருந்த காலம் அது. “மேல ஏறி மிதிச்சுப் பாக்கச் சொல்லுங்கையா. நேத்துப் பூரா மழை. ஒரு பிடி மண்ணு கீழ வந்திருந்தா நானே லாரியில ஏர்றேன்.”

மணியம் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரி ஏறினான். பூட்ஸ் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தான். விளிம்புக்கே போய் நின்று குதித்தான். மண் அசையவில்லை. குனிந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான், அது வரவில்லை. பக்கத்து மண்ணைக் கையால் பறித்த பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கு வந்தது. மண்ணைத் தட்டிவிட்டு அதைக் கையில் எடை பார்த்தான். பிறகு மணியத்தின் முதுகில் காகிதத்தை வைத்து முத்திரை குத்திவிட்டு, கிழங்கோடு காரில் ஏறிப் போய்விட்டான்.

லாரி டிரைவர் ஜெகபர் சாதிக் பொந்தியான்காரர். வண்டியைத் திருப்பியவர் கெர்ட்ரூட் அருகே வந்ததும் நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எத்தனையோ தோட்டத்துக்குப் போயிட்டேன்க்கா. இந்த வண்டி காலியாத் திரும்புறது இன்னிக்குத்தான்.”

கெர்ட்ரூட் சேறு அப்பிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அப்படி ஒரு பெருமை அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

“அடுத்த தடவ இங்க வந்தா கெழங்கு ஏத்த வாங்க, தம்பி. ஆளுங்க கெடையாது.”