நெஞ்சைச் சூழ்ந்த நீர்

மாஞ்சோலைத் தேயிலைக் காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியில் நிற்பவள் முகம்கூடத் தெரியாது. அப்போதெல்லாம் இசக்கிச்செல்வியின் குரலை வைத்துத்தான் மற்றப் பெண்கள் வரிசை பிசகாமல் நகர்வார்கள். கை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும், வாய் ஓயாது. கங்காணியை ஏசுவாள், அட்டைப்பூச்சியை ஏசுவாள், நின்றால் நிற்கிறதென்றும் பெய்தால் பெய்கிறதென்றும் மழையை ஏசுவாள். அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து இவள்தான் பேசுகிறாள் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், சுடலைவடிவு. முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு இந்த மேட்டில் என் மகள் ஏறக் கூடாது என்பதில் இசக்கிச்செல்வி பிடிவாதமாக இருந்தாள். ஊரில் யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. பத்து வயசிலேயே பிள்ளையைக் கீழே கல்லிடைக்குறிச்சியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தாள். தொண்ணூற்றாறில் சுடலைவடிவுக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. "எங்க வீட்டுல டீச்சர் வாரா" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு இசக்கிச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. பகலில் ஒன்றுமிருக்காது. பொழுது சாயும்போது மேல் கதகதவென்று சுடும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மார்கழியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மேடு ஏறினால் வாங்கியது, பிறகு நடந்தாலே வாங்கியது. தை பிறந்தபோது அவளால் படுக்கவே முடியவில்லை. தலை தரையில் பட்டால் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். சுவரோரம் குந்தி, முழங்காலில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடியே தூங்கினாள். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பேச்சு குறைந்துபோனது. அதுதான் சங்கிலிபூதத்தானைக் கலங்கடித்தது.

மலையிறங்கி ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குமுன் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கூட்டின் நடுவில் பானை மாதிரி வெள்ளையாக ஒன்று பருத்துக் கிடந்தது.

"இருதயம் வீங்கிட்டு. சதையெல்லாம் தளந்து போச்சு. இதுக்குப் பெருசா வைத்தியம் கெடையாது. இருக்க வரைக்கும் பாத்துக்கிடுங்க" என்றார்.

நீர் பிரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது.

மணிமுத்தாறு அணை தாண்டிப் பேருந்து மலையேறும்போது இசக்கிச்செல்வி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரே முடிவாகச் சொன்னாள். "வடிவுக்குக் கல்யாணத்த முடிச்சிருவோம். எங்க அண்ணன் மவன் மாரிராஜ் இருக்கான்லா. தங்கமான பய. மாசி பொறந்ததும் வச்சிருவோம்."

சங்கிலிபூதத்தான் அதிர்ந்துபோனான். "படிக்கித புள்ளயவா?"

"நான் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா? நீங்க வாயத் தொறந்து நாலு பேருட்டப் பேசுவியளா? ஒரு ஆளு கையில புடிச்சுக் குடுத்திட்டுப் போறேன், விடுங்க."

மாரிராஜ் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் வீட்டிலிருந்து சம்மதம் என்று சேதி வந்தது. மகளைக் கூட்டிவர இருவரும் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார்கள். நீ வர வேண்டாம் என்று சங்கிலிபூதத்தான் சொல்லிப் பார்த்தான். நானே போய்ச் சொன்னால்தான் அவள் கேட்பாள் என்று இசக்கிச்செல்வி விடவில்லை.

விடுதி மரத்தடியில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுடலைவடிவு அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் இரண்டுமே செய்யவில்லை. "சரிம்மா" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். பயிற்சிப் பள்ளிக்கு உடுத்துகிற சீருடைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கொடுத்தாள். சன்னல் வழியாக இசக்கிச்செல்வி அதைப் பார்த்தாள். நோயைவிட அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

விடுதி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மகள் தாங்கிப் பிடித்ததுவரைக்கும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைமாட்டைத் தூக்கி வைத்துச் சாய்த்திருந்தார்கள். கண்ணாடி போட்ட பெண் டாக்டர் ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அவர் பெயர் அனுராதா என்று பிறகு தெரிந்தது. நாடியைப் பார்த்தார், கழுத்தில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தார், மறுபடியும் நாடியைப் பார்த்தார்.

"மூச்ச உள்ள இழுக்கும்போதெல்லாம் நாடி அடங்குது. ஒடனே எக்கோ பாக்கணும்" என்றார்.

சங்கிலிபூதத்தான் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினான். "எக்ஸ்ரே எடுத்தாச்சும்மா. இருதயம் வீங்கிட்டுன்னு சொல்லிட்டாவ."

"எக்ஸ்ரேல நிழல்தான தெரியும் அண்ணாச்சி. நிழல் பெருசா இருக்கது சரி, நிழலுக்குள்ள என்ன இருக்குன்னு அதுல தெரியாது. எக்கோல தெரியும். ஊசி கெடையாது, வலி கெடையாது. சத்தத்த உள்ள அனுப்பி, அது திரும்பி வாரதப் படமாக்கிக் காட்டும். காதுக்குக் கேக்காத சத்தம்."

சின்ன அறை. விளக்கை அணைத்திருந்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை ஒன்றைத் தடவி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை அதன்மேல் வைத்து டாக்டர் பைய நகர்த்தினார். இசக்கிச்செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் சாவைத் தானே கண்ணால் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"அம்மா, இங்கன திரும்பிப் பாருங்க."

"வேண்டாம்மா."

"பாருங்கம்மா. ஒங்களுக்கு இருதயம் வீங்கவே இல்ல."

அவள் திரும்பினாள். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கருப்பாக ஒரு பெரிய வட்டம். அந்தக் கருப்புக்குள், வெள்ளத்தில் விழுந்த தேங்காய் மாதிரி, சின்னதாக ஒன்று இங்குமங்கும் ஆடித் துடித்துக்கொண்டிருந்தது.

"அதுதான் ஒங்க இருதயம். சதையெல்லாம் நல்லா வேல செய்யுது. சுத்தி இருக்க கருப்பு பூராவும் தண்ணி. இருதயத்த மூடியிருக்க பைக்குள்ள கட்டிக்கிட்டு அத அமுக்குது. விரியவே விடமாட்டேங்குது. அதான் ஒங்களுக்கு மூச்சு முட்டுது."

"அப்பம்... நான் சாவமாட்டனா?"

"இப்பவே தண்ணிய எடுக்கணும். எடுத்துட்டா பொழச்சுக்கிடுவிய."

அதே அறையில் அரைச்சாய்வாக உட்காரவைத்தார்கள். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். டாக்டரின் பார்வை திரையைவிட்டு நகரவில்லை. ஒரு நர்ஸ் கருவியை நெஞ்சில் பிடித்துக்கொள்ள, நீளமான ஊசி ஒன்றை டாக்டர் மெதுவாக உள்ளே செலுத்தினார். திரையில் அந்தக் கருப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. "அசையாதிய. வந்துட்டேன், இருதயத்துக்கு இன்னும் தள்ளித்தான் இருக்கேன்" என்றார் டாக்டர். அவளுக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. பால் ஊற்றாத கட்டங்காப்பி நிறத்தில் தண்ணீர் குழாயில் இறங்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு, தை பிறந்ததிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போகிற மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தாள். உள்ளே போனது. இன்னும் இழுத்தாள். அடிவயிறுவரை போனது. நம்பாமல் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"இங்கேருங்க! மூச்சு வருது! எனக்கு மூச்சு வருது!"

வராந்தாவில் நின்ற சங்கிலிபூதத்தானுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கதவில் காதை வைத்து மறுபடியும் கேட்டான். சுடலைவடிவு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அன்று மத்தியானம் இசக்கிச்செல்வி கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கினாள். அசையாமல் தூங்கியதைப் பார்த்துப் பயந்து மகள் நர்ஸைக் கூப்பிட்டு வந்தாள். "தூங்கட்டும், எழுப்பாத" என்றாள் நர்ஸ்.

தண்ணீரைச் சோதித்ததில் காசநோய்க் கிருமியின் வேலை என்று தெரிந்தது. "நெஞ்சுச்சளியில இருக்க காசநோய் இல்ல, இருதயப் பையில வந்தது. மாசக்கணக்குல மாத்திர சாப்பிடணும், நடுவுல நிறுத்தக் கூடாது" என்று அனுராதா டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் கழிப்பறையிலிருந்து இசக்கிச்செல்வி அலறிக்கொண்டு வந்தாள். மூத்திரம் சிவப்பாகப் போகிறதாம். அது மாத்திரையின் சாயம் என்று தெரிந்ததும், முதலிலேயே சொல்ல மாட்டியளா என்று வார்டையே ஏசித் தீர்த்தாள்.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாரிராஜ் பார்க்க வந்தான். நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்து நின்றான். சுடலைவடிவு தண்ணீர் பிடிக்கப் போனதும் பேச்சை எடுத்தான்.

"அத்தை, இனிமே கல்யாணத்துக்கு அவசரமில்லல்லா?"

"ஏம்லே, என் மவளுக்கு என்ன கொறச்சல்?"

"ஐயோ, அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. தூத்துக்குடில எனக்கு ஒரு புள்ளயப் பிடிச்சிருக்கு. அப்பாட்டச் சொல்லப் பயந்துகிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீங்க சாவப்போறியன்னாவ. சாவப்போற அத்தைட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

இசக்கிச்செல்வி அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி போட்ட இடம் சுள்ளென்று வலித்தது, இருந்தும் நிறுத்த முடியவில்லை. "அண்ணன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போயி லாரிய ஓட்டு" என்றாள். குடத்தோடு திரும்பி வந்த சுடலைவடிவு, விஷயத்தைக் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளும் சிரித்தாள்.

அவன் போன பிறகு அம்மா கேட்டாள். "ஏட்டி, வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீ மூச்சுவிடவே அந்தப் பாடுபட்ட. ஒன்ட்ட எப்படிம்மா சண்ட போட?"

இசக்கிச்செல்வி மகளின் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். மறுநாள் சுடலைவடிவு விடுதிக்குத் திரும்பிப்போய், கொடுத்துவிட்டு வந்த சேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பங்குனியில் மறுபடி எக்கோ பார்க்கப் போனார்கள். தண்ணீர் திரும்பவும் கட்டக்கூடும், கட்டினால் மறுபடி எடுக்க வேண்டும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்ததால், மலையிலிருந்து வருகிற வழியெல்லாம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள் இசக்கிச்செல்வி. இந்தத் தடவை அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பசை தடவும்போதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பு வட்டத்தைக் காணவில்லை.

"ஒரு சொட்டு இல்லம்மா" என்றார் அனுராதா டாக்டர்.

வாசலருகே நின்றிருந்த சங்கிலிபூதத்தான் தொண்டையைச் செருமினான். "எனக்கும் ஒருக்கா காட்டுவியளா?"

டாக்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் கிட்டே வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தான். வால்வு திறப்பதையும் மூடுவதையும் டாக்டர் விரலால் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"நல்லா அடிக்குது" என்றான்.

"பின்ன? ஒங்களக் கட்டிக்கிட்டு இத்தன வருசம் அடிச்ச இருதயமில்லா" என்றாள் இசக்கிச்செல்வி, படுத்தபடியே.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அம்பாசமுத்திரம் பேருந்தைப் பிடித்தார்கள். மாத்திரை முடிந்த பிறகு அவள் மறுபடி கொழுந்து எடுக்கப் போனாள். முதலில் மேட்டு வரிசையைத் தவிர்த்தாள், அப்புறம் அதையும் ஏறினாள். தூத்துக்குடிப் பெண்ணை மாரிராஜுக்குப் பேசி முடித்தவளும் அவள்தான். சுடலைவடிவு படிப்பை முடித்து வீரவநல்லூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சரானாள்.