குண்டுக்குக் கேன் தண்ணீர்

மசினகுடி ரிசார்ட்டில் முதல் நாளே என் மானம் போனது. இருபது கெஸ்ட்டுகள் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாட நின்றார்கள். டிரிக்கரை அழுத்தினால் ஜெல் குண்டு பறக்கவில்லை. குழாய் வழியாக உருண்டு அவர்கள் காலடியிலேயே விழுந்தது.

குண்டு ஊறவைப்பதுதான் என் வேலை. கடுகு போன்ற மணிகளை நாலு மணி நேரம் தண்ணீரில் போட்டால் வெந்த ஜவ்வரிசி போல உப்பும். அளவு குறைந்தால் துப்பாக்கிக்குள் நிற்காது. எங்கள் ஊர் காந்தலில் என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சரியாக ஊறவைத்துக் காட்டித்தான் சேர்ந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவர் கெஸ்ட்டுகளிடம் சொன்னார். "இவங்க புதுசு சார். ஊற வெக்கக்கூடத் தெரியலை."

பிறகு சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். குண்டுகள் கொழகொழவென்று உடைந்தன. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஊழியர் மெஸ்ஸில் சமைக்கும் ராசு அண்ணன் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, போர் தண்ணியிலயா போட்டீங்க? அது உப்புத் தண்ணிங்க. அதுல பருப்பே வேகறதில்ல, உங்க குண்டு எங்கீங்க ஊறும்?"

அன்றே இரண்டு டம்ளரில் மணிகளைப் போட்டேன். ஒன்றில் ரிசார்ட்டின் போர்வெல் தண்ணீர், மற்றதில் கெஸ்ட்டுகள் குடிக்கும் கேன் தண்ணீர். காலையில் இரண்டையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். கேன் தண்ணீர்க் குண்டு இரண்டு மடங்கு இருந்தது.

"அட, தண்ணியிலதான் விசயமா" என்றார். நேற்றுச் சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. மறுநாளிலிருந்து குண்டுக்குத் தினமும் நாலு கேன் வந்தது.

"மெஸ்ஸுக்கும் ஒண்ணு குடுங்க சார். நாங்களும் அந்த உப்புத் தண்ணியத்தான் குடிக்கறோம்" என்றேன்.

"அது கெஸ்ட் ஐட்டமுங்க. ஸ்டாஃபுக்கு போர் தண்ணி போதும். இத்தன நாளா குடிச்சு யாரு செத்தாங்க?"

மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு நாள் குண்டுக்கு வந்த கேனில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மெஸ்ஸில் வைத்தேன். ராசு அண்ணன் அதை உலையில் ஊற்றினார். அன்று பருப்பு குழைய வெந்தது. எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள்.

மறுநாள் காலை என்னை அனுப்பிவிட்டார்கள். காரணம், திருட்டு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மணியைப் போடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். அதற்கும் முன்னால், உங்களுக்குக் குடிக்க என்ன தண்ணீர் தருகிறார்கள் என்று பாருங்கள்.